அவள் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவாள்

பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலில் நடந்தது நம்ம சொந்தத்தில் எல்லாருக்கும் தெரியும். இத்தனை நாள் பேசாமல்தான் இருந்தேன். நேற்று ஒரு பெரியவர் போன் போட்டு, "பிள்ளைக்கு முறை சொல்லிக் கொடுத்தா உன் தம்பிக்கு ஏன் இவ்வளவு கோவம் வருது?" என்று கேட்டார். அதனால் எழுதுகிறேன்.

டொராண்டோவில் என் தம்பியும் அவன் கணவரும் சேர்ந்து வளர்க்கிற பிள்ளை அவள். தம்பியின் கணவரைத்தான் ஐயா என்பாள். அன்று செருப்பில்லாமல் ஓடி உடைமுள்ளை மிதித்துவிட்டாள். "ஐயா!" என்று கத்தினாள். பொங்கல் பானைப் பக்கம் நின்றவர் ஓடிவந்து மண்ணிலேயே உட்கார்ந்து, அவள் காலை மடியில் வைத்து, என் சேலையில் இருந்த ஊக்கை வாங்கி முள்ளை நிமிண்டினார். பாதி ஒடிந்து உள்ளே நின்றது. ரத்தம் கசிகிறது, பிள்ளை தேம்புகிறது. அந்த நேரம் பார்த்துத்தான் மேலே நின்றபடி, "ஏட்டி, அவரு உனக்கு ஐயா இல்ல, மாமான்னு கூப்பிடு" என்று சொல்லப்பட்டது. ஐந்து வயசுப் பிள்ளையிடம்.

அன்று ராத்திரி படுக்கும் வரை அவள் அவரை எதுவுமே சொல்லிக் கூப்பிடவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் போய் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இதைத்தான் முறை சொல்லிக் கொடுத்தது என்கிறார்கள்.

தன்னை வளர்க்கிறவரைப் பிள்ளை என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது அந்த வீட்டுக்குள் முடிவாகிற விஷயம். அந்த வீட்டில் முடிவாகிவிட்டது. என் தம்பி அப்பா, அவர் ஐயா. அவருக்குப் பூர்வீகம் யாழ்ப்பாணம். தன் தகப்பனாரை ஐயா என்று கூப்பிட்டு வளர்ந்தவர். நம்ம பக்கத்திலும் எத்தனை வீடுகளில் அப்பாவை ஐயா என்கிறோம்! பிள்ளை பிறப்பதற்கு முன்பே இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி வைத்த பெயர் அது. டொராண்டோவில் அவர்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இரண்டு பேருமே அப்பாதான், பேரைச் சேர்த்துக் கூப்பிடுவார்கள். இன்னொரு வீட்டில் ஒருவர் அப்பா, ஒருவர் டாடி. அதது அந்தந்த வீட்டுப் பழக்கம். ஆனால் எந்த வீட்டிலும் ஒருவரைத் தகப்பனாகவும் இன்னொருவரை விருந்தாளியாகவும் வைக்கவில்லை.

அதிலும் மாமா! நம்ம ஊரில் மாமா என்றால் என்ன முறை என்று சொன்னவருக்குத் தெரியாதா? தாய்மாமனைக் கட்டிக்கொண்டவர்கள் நம்ம குடும்பத்திலேயே இருக்கிறார்கள். தன்னைக் குளிப்பாட்டி, சோறூட்டி, காய்ச்சலில் தோளில் போட்டு நடக்கிற தகப்பனை ஒரு பெண்பிள்ளை அந்த முறையில் கூப்பிட வேண்டுமா? முறை பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். நானும் தம்பியும் எங்கள் அப்பாவை அப்பா என்று கூப்பிட்டதே இல்லை. கூட்டுக் குடும்பம். அப்பாவுக்குக் கீழே தம்பி தங்கச்சிகள் நிறைய. எல்லாரும் அண்ணன் என்றார்கள், நாங்களும் அண்ணன் என்றோம். அம்மாவை எல்லாரும் மதினி என்றார்கள், நானும் ரொம்ப நாள் மதினி என்றுதான் கூப்பிட்டேன். ஆற்றங்கரையில், கடையில், கல்யாண வீட்டில், எங்கேயும் யாரும் எங்களை நிறுத்தி வைத்துத் திருத்தவில்லை. அப்பா சாகும்போதும் "அண்ணே" என்று சொல்லித்தான் அழுதேன். அதனால் அவர் எனக்கு அப்பா இல்லாமல் போய்விட்டாரா? அன்றைக்கு முறை சொல்லிக் கொடுத்தவரே பெற்ற தாயை அக்கா என்று கூப்பிட்டவர். அந்த ஆச்சி அதற்கு "என்னய்யா" என்று கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

"இதெல்லாம் இந்தியாவில் செல்லாதே" என்கிறார் ஒருவர். செல்லாதுதான். ஒருபால் உறவைக் குற்றமாக்கியிருந்த 377-ஆவது பிரிவின் பிடியிலிருந்து 2018 செப்டம்பரில் இவர்களை விடுவித்த அதே உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபர் 17 அன்று ஒருபால் திருமணத்துக்கு அங்கீகாரம் தர மறுத்தது. இப்படிப்பட்ட ஜோடிகள் சேர்ந்து தத்தெடுப்பதையும் ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் ஏற்கவில்லை. தனியாக இருக்கிற ஆண் பெண்குழந்தையைத் தத்தெடுக்கவே முடியாது என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் இருக்கிறது. இங்கே இருந்திருந்தால் இவள் அவர்களுக்குக் கிடைத்திருக்க மாட்டாள். அதனால்தான் அங்கே இருக்கிறார்கள். கனடாவில் 2005-லிருந்து இந்தக் கல்யாணம் செல்லும், அவள் பிறப்புச் சான்றிதழில் இரண்டு பேருமே பெற்றோர். நம்ம சென்னை உயர் நீதிமன்றம்கூட 2025 மே மாதம், கல்யாணம் ஒன்றுதான் குடும்பம் அமைய வழி என்றில்லை என்று சொல்லிவிட்டது. எப்படியானாலும் சட்டம் பேசுவது தாளில் யார் பெயர் என்பதைத்தான். முள் குத்தினால் பிள்ளை யாரைக் கூப்பிட வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

"பிள்ளைக்குக் குழப்பம் வரும்" என்பது இன்னொன்று. பெரியப்பா, சித்தப்பா, அப்பா என்று ஒரே வீட்டில் நாலு பேரைக் கூப்பிட்டு வளர்ந்த ஆட்கள் நாம். யார் குழம்பினோம்? அவளுக்குக் குழப்பமே இல்லை. குழப்பியது நீங்கள்.

பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களே என்ற கவலை நியாயம்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதுவரை அவளை அழவைத்தது எந்தப் பள்ளிக்கூடமும் இல்லை, நம்ம ஆள்தான்.

"தாயில்லாப் பிள்ளை பாவம்" என்று ஒரு சித்தி சொன்னார்கள். அதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன். சொன்னால் வார்த்தை தடித்துவிடும்.

இன்னொன்றும் கேட்கிறேன். நாம் வருஷம் தவறாமல் கும்பிடப் போகிற சாஸ்தா யார் பிள்ளை? ஹரிஹரபுத்திரன் என்று சொல்லித்தானே கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம்? விஷ்ணு மோகினியாக வந்தார் என்பீர்கள். அந்தக் கதை எனக்கும் ஆச்சி சொல்லியிருக்கிறாள். இருந்தாலும் சாமிக்கு இரண்டு தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொல்ல நமக்குக் கூச்சமில்லையே. அந்தச் சன்னதியில் நின்றுகொண்டா ஒரு பிள்ளையிடம் அப்படிச் சொல்வது?

தலைக்கட்டு வரி கேட்கும்போது டொராண்டோவுக்கு போன் போகிறது. மதில் கட்ட, மணி வாங்க, தகரக் கொட்டகை போட, எல்லாவற்றுக்கும் அவன் பணம் அனுப்பினான். அந்த வீட்டில் இரண்டு பேர் சம்பாத்தியம், இரண்டு பேர் பணமும் அதில் இருக்கிறது. அதை வாங்கும்போது யாரும் முறை கேட்கவில்லை. அவர் மண்ணில் உட்கார்ந்து முள் எடுத்ததைப் பார்த்துக்கொண்டே நின்ற அத்தனை பேரில் ஒருவராவது "விடுங்க அண்ணாச்சி, பிள்ளை அழுது" என்று சொல்லியிருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது. சொன்னவராவது ஒரு ஆள். நீங்கள் எல்லாரும் நான் தூக்கி வளர்த்தவர்கள், என் கையால் சாப்பிட்டவர்கள்.

சித்திரைக் கடைசியில் என் மகள் கல்யாணம். அதுவரை அவர்கள் பாளையங்கோட்டையில் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். தாய்மாமன் சீர் தம்பி கொண்டுவருவான், பக்கத்தில் அவரும் தட்டு எடுத்து வருவார். பத்திரிகையில் இரண்டு பேர் பெயரையும் சேர்த்துப் போட்டு அச்சுக்குக் கொடுத்தாகிவிட்டது. யாருக்காகவும் மாற்ற மாட்டேன். மண்டபத்தில் அவள் ஐயா என்று கூப்பிடுவாள். அதைக் கேட்டுக்கொண்டு பந்தியில் உட்கார முடிகிறவர்கள் வாருங்கள், மறுவீட்டுச் சொதிக்கும் இருந்து சாப்பிட்டுப் போங்கள். திருத்தித்தான் ஆவேன் என்கிறவர்கள், பத்திரிகை கைக்கு வந்தாலும் வர வேண்டாம்.