ஜப்பான் ரசிகர்களின் துப்புரவு கத்தாரில் தொடங்கியதல்ல
கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர்களான தூத்தூர், வள்ளவிளை பக்கம் கால்பந்து உலகக் கோப்பை ஆட்டங்களைத் திரையில் பார்த்துக் கலையும் கூட்டம் விட்டுச்செல்லும் குப்பையைப் பற்றி இங்கே நடக்கும் பேச்சில், ஜப்பான் ரசிகர்கள் அரங்கைச் சுத்தம் செய்வது 2022-இல் கத்தாரில் கேமராக்களுக்காகத் தொடங்கியது என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் விட்டார்கள்.

அது சரியல்ல, நண்பரே. 2014 ஜூன் 14 அன்று பிரேசிலின் ரெசிஃபி நகரில் ஐவரி கோஸ்ட்டிடம் 2-1 என்று தோற்ற இரவிலேயே அவர்கள் குப்பை பொறுக்கினார்கள். ஆட்டத்தின்போது உற்சாகமாக ஆட்டிய அதே நீல நிறப் பைகளில்தான் அள்ளிப் போட்டார்கள். 2018-இல் ரஷ்யாவில் பெல்ஜியத்துக்கு எதிராக 2-0 என்று முன்னிலையில் இருந்து, கடைசி நிமிடத்தில் 3-2 என்று வெளியேறிய அன்றும் இருக்கை வரிசைகளைச் சுத்தம் செய்துவிட்டே கிளம்பினார்கள். அப்படியொரு தோல்விக்குப் பிறகு குனிந்து குப்பை பொறுக்க எவ்வளவு மனம் வேண்டும்!

2022-இல் கத்தார்–எக்குவடார் தொடக்க ஆட்டம் முடிந்ததும் ஜப்பான் ரசிகர்கள் குப்பை பொறுக்கிய காணொளி பெரிதாகப் பரவியதால் இந்த எண்ணம் வந்திருக்கலாம். தேடுபொறியில் தேதி வரம்பை 2014 ஜூன், 2018 ஜூலை என்று வைத்துத் தேடிப் பாருங்கள்; அன்றைய செய்திகளும் படங்களும் அப்படியே இருக்கின்றன.