பத்து ஆம்பியர் கேட்டால் என்ன செய்வது?

காந்தத்தன்மையுள்ள டோபாலஜிக்கல் பொருளில், அதாவது உள்ளே கரண்ட் ஓடாமல் ஓரத்தில் மட்டும் ஓடுகிற பொருளில், கரண்ட் சூடே ஆகாமல் ஓடும், சீக்கிரம் மோட்டாரிலும் வந்துவிடும் என்று உங்க கட்டுரையில் எழுதியிருக்கீங்க. கோவை கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருப்பவன் நான், கருகிய வார்னிஷ் நாற்றத்திலேயே பொழுது போகிறது, அதனால் ஆசையாகத்தான் படித்தேன். ஆனால் மோட்டார் கதை கொஞ்சம் ஓவருங்க.

2013-ல் பெய்ஜிங்கில் இதை முதலில் காட்டியபோது, குரோமியம் கலந்த பிஸ்மத் ஆன்டிமனி டெல்லுரைடு படலத்தை 30 மில்லிகெல்வின் வரை, அதாவது கிட்டத்தட்ட மைனஸ் 273 டிகிரி வரை குளிர வைத்தார்கள். வெளிக்காந்தம் வேண்டாம், உள்ளே இன்சுலேட்டர், ஓரத்தில் மட்டும் எலக்ட்ரான் ஒரே திசையில் ஓடும், அழுக்கு குறுக்கே இருந்தாலும் திரும்பாது. அருமைதான். காந்தத்தன்மையைத் தருகிற குரோமியம் அங்கங்கே சிதறிக் கிடப்பதுதான் அதில் ஒரு தொல்லை. மாங்கனீசு தனக்கென்று தனி அடுக்காகவே அமைந்த மாங்கனீசு பிஸ்மத் டெல்லுரைடில் 2020-ல் 1.4 கெல்வினில் பார்த்துவிட்டார்கள், அதுவும் மைனஸ் 271 டிகிரிக்குக் கீழேதான்.

அப்புறம், ஓரத்தில் இழப்பு இல்லை, சரி. ஒயரை வைக்கிற முனையில்? ஒரு ஓரப்பாதைக்கு ரெசிஸ்டன்ஸ் சுமார் 25,813 ஓம், அந்தச் சூடு முழுக்க காண்டாக்டில்தான் இறங்கும். பத்து ஆம்பியருக்குக் கணக்குப் போட்டால் இரண்டரை லட்சம் வோல்ட் தாண்டுது! அதற்கு முன்பே அந்தப் படலம் தாங்காதுங்க.

அந்த 25,813 மாறாமல் நிற்பதுதான் உண்மையான சரக்கு. பெரிய காந்தம் இல்லாமலே, ரெசிஸ்டன்ஸை அளக்கிற ஓம் என்கிற அலகையே அதை வைத்துச் சரிபார்க்கலாம். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, ஏனுங்க?