டப்ளின் ஜெர்சி வாங்கச் சொன்னவர்களுக்கு

ரோஸ்காமனில் இருக்கும் ஹைட் பார்க் மைதானத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை கேலிக் கால்பந்தில் எங்கள் மேயோ கவுண்டி டோனிகாலிடம் தோற்றது இங்கே அயர்லாந்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதற்கு அப்புறம் நம் தமிழ்க் குழுவில் நடந்ததும் தெரியும். மேயோ ஜெர்சியோடு என் மகன் அழுதுகொண்டு நின்ற படத்தை என் பக்கத்தில் போட்டிருந்தேன். யாரோ ஒருவர் அதை எடுத்து, மேலே பெரிதாகச் "சாபம்" என்று எழுதி, குழுவில் போட்டார். யார் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லப்போவதில்லை. கேட்டதும் படத்தை எடுத்துவிட்டார், சரி. ஆனால் கீழே வந்த கருத்துகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. "அவங்க ஊரு டீம் தோத்தா நமக்கென்ன?" "ஜெயிக்கிற டீமைப் பாருங்க அக்கா." "பேசாம பையனுக்கு ஒரு டப்ளின் ஜெர்சி வாங்கிக் குடுத்துடுங்க." இந்தக் கடைசிக் கருத்துக்குத்தான் நிறைய சிரிப்பு விழுந்திருக்கிறது.

பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆட்டத்தில் அணியை யாரும் கடையில் பொறுக்கி எடுப்பதில்லை. எந்தக் கவுண்டியில் வாழ்கிறீர்களோ அதுதான் உங்கள் அணி. களத்தில் ஓடுகிற பதினைந்து பேரும் அந்தக் கவுண்டியின் கிளப்புகளிலிருந்து வந்த பிள்ளைகள். ஏலம் கிடையாது, சம்பளம் கிடையாது. திங்கட்கிழமை காலையில் அவர்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போவார்கள், மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போவார்கள், போலீஸ் உடுப்பைப் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போவார்கள். கோடி கொடுத்து அடுத்த வருடம் வேறு ஆளைக் கொண்டு வர முடியாது. இருக்கிற பிள்ளைகளைக் கொண்டுதான் ஆட வேண்டும், இருக்கிற அணியைத்தான் ஆதரிக்க வேண்டும். டப்ளினில் இருப்பவர்கள் டப்ளினுக்குக் கத்துங்கள், அது உங்கள் ஊர். மேயோவில், காசில்பாரில் இருக்கிற என்னை ஏன் கூப்பிடுகிறீர்கள்?

சென்னை அணி 2025 ஐபிஎல்லில் கடைசி இடத்தில் முடித்தது. பத்து அணியில் பத்தாவது. நம் குழுவில் ஒருவராவது மும்பைக்கு மாறினீர்களா? அணியே இல்லாமல் கிடந்த 2016, 2017-இல் மாறினீர்களா? மஞ்சள் சட்டையை மடித்து வைத்துக் காத்திருந்தீர்கள். அதை விசுவாசம் என்றீர்கள். நான் காத்திருந்தால் மட்டும் அது ஏன் பைத்தியக்காரத்தனம் ஆகிறது?

இப்போது அந்தச் சாபத்துக்கு வருகிறேன். இதை அயர்லாந்துக்காரர்களும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, நம் ஆட்களும் இப்போது பிடித்துக்கொண்டார்கள். 1951-இல் மேயோ, நாட்டின் பெரிய கோப்பையான ஆல் அயர்லாந்து ஃபைனலில் ஜெயித்துவிட்டுத் திரும்பும் வழியில் ஃபாக்ஸ்ஃபோர்டில் ஒரு சாவு ஊர்வலத்தைக் கண்டும் வண்டியை நிறுத்தாமல் கொண்டாடிக்கொண்டே போனார்களாம். அந்த அணியில் இருந்த எல்லோரும் இறந்தால்தான் இனி கோப்பை என்று பாதிரியார் சபித்தாராம். அப்படி ஒன்று நடந்ததற்கு அந்தக் காலத்துச் செய்தித்தாளில் சான்று இல்லை. அந்த அணியில் கடைசியாக உயிரோடிருந்த பேடி பிரெண்டர்காஸ்ட் 2021 செப்டம்பரில் காலமாகிவிட்டார். அதன் பிறகும் கோப்பை வரவில்லை. அப்படியானால் சாபம் எங்கே போனது?

இன்னொன்று. இதே மேயோவின் பெண்கள் அணி 1999, 2000, 2002, 2003 என்று நான்கு முறை ஆல் அயர்லாந்து ஜெயித்தது. கோரா ஸ்டாண்டன் போல ஒரு ஆட்டக்காரியை அந்த அணி தந்தது. 2013-இல் மைனர் பையன்கள், அதாவது பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள், ஜெயித்தார்கள். 2016-இல் இருபத்தொரு வயதுக்குட்பட்டவர்கள் ஜெயித்தார்கள். இவர்களை எல்லாம் பாதிரியார் விட்டுவைத்தாரா? சாபம் என்று எழுதிச் சிரிப்பது சுலபம். ஆனால் அப்படி எழுதும்போது அந்தப் பிள்ளைகளின் உழைப்பையும் அழிக்கிறீர்கள், எதிரே ஆடி ஜெயித்தவர்களின் திறமையையும் அழிக்கிறீர்கள்.

மேயோ யாரிடம் தோற்றது என்று ஒரு தடவையாவது பார்த்திருக்கிறீர்களா? 1989-இலிருந்து 2021 வரை பதினொரு ஃபைனல் தோற்றிருக்கிறது. இந்த எண்ணிக்கையை எல்லோரும் கேலிக்குச் சொல்வார்கள். பதினொரு தடவை அங்கே போய் நின்றதை ஒருவரும் சொல்ல மாட்டார்கள். 2013-இல் டப்ளினிடம் ஒரே ஒரு பாயிண்டில் போனது. 2016-இல் முதல் ஆட்டம் டிரா. அதில் டப்ளினுக்குக் கிடைத்த இரண்டு கோலுமே மேயோ வீரர்கள் மேல் பட்டு உள்ளே போனவை. மறு ஆட்டத்தில் திரும்ப ஒரு பாயிண்டில் தோல்வி. 2017-இல் கடைசி நேரத்தில் டீன் ராக் அடித்த ஃப்ரீ கிக், மறுபடியும் ஒரு பாயிண்ட். 2015 முதல் 2020 வரை தொடர்ந்து ஆறு வருடம் கோப்பையைத் தூக்கிய அணி அந்த டப்ளின். ஆண்கள் கால்பந்தில் வேறு எந்த அணியும் அப்படித் தொடர்ந்து ஜெயித்ததில்லை. அந்த அணியை மூச்சு முட்ட ஓட வைத்தது மேயோ. 2021 ஆகஸ்டில் அரையிறுதியில் கூடுதல் நேரம் வரை போய் அதே டப்ளினை வீட்டுக்கு அனுப்பியதும் மேயோதான். "ஜெயிக்கிற டீம்" என்று சொன்ன தம்பி அன்று எங்கே இருந்தார்?

2020 ஃபைனல் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அது டிசம்பரில் நடந்தது, கொரோனா காலம், ஃபைனல் நடக்கும் டப்ளின் மைதானமான குரோக் பார்க்கில் பார்வையாளர்களே இல்லை. நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் யாரையும் பார்க்க யாரும் வர முடியாத நேரம். அங்கே ஒரு பெரியவர் இருந்தார். 1951-இல் சின்னப் பையனாக, பக்கத்து வீட்டு வானொலியில் மைக்கேல் ஓஹேரின் வர்ணனையைக் கேட்டவர். அண்ணன்மார் எல்லாம் இளம் வயதிலேயே இங்கிலாந்துக்குப் பிழைக்கப் போனவர்கள். இந்தக் கவுண்டியில் 1841-இல் 3,80,000 பேருக்கு மேல் இருந்தார்கள், இன்று 1,40,000 பேர்கூட இல்லை. பஞ்சம் தின்றது பாதி, கப்பல் ஏற்றிக்கொண்டு போனது பாதி. அந்த ஃபைனல் அன்று முகக்கவசமும் கையுறையுமாக நான் அவர் நாற்காலியைத் தொலைக்காட்சிக்கு நேராகத் திருப்பிக்கொண்டிருந்தேன். திருப்பி முடிப்பதற்குள் டப்ளின் கோல் போட்டுவிட்டது. ஆட்டம் தொடங்கிப் பதின்மூன்றே விநாடி. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அசையவில்லை. "இன்னும் நேரம் இருக்கிறது, உட்காரம்மா" என்றார். 2-14, 0-15 என்று முடிந்தது. முதல் எண் கோல், அடுத்தது பாயிண்ட். கோலுக்கு மூன்று பாயிண்ட், ஆக ஐந்து பாயிண்டில் தோல்வி. அடுத்த செப்டம்பரில் டைரோனிடம் தோற்றபோதும் அச்சு அசலாக அதே 2-14, 0-15. ஒன்பது மாதத்தில் அதே கணக்கை இரண்டு தடவை பார்க்க வேண்டி வந்தது.

முதல் தோல்வி அன்று இரவு, மாத்திரை கொடுக்கப் போனபோது அந்தப் பெரியவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: லீக் எப்போது தொடங்குகிறது? மான்செஸ்டரில் இருந்த தம்பிக்குத் தொலைபேசியில் அதைச் சொல்ல வேண்டுமாம். அறுபது வருடத்துக்கும் முன்னால் ஊரை விட்டுப்போன தம்பி. அவனும் இன்னும் மேயோதான். அந்த வீட்டுக்குப் போய் "மான்செஸ்டரில் நல்ல அணி இருக்கிறதே, மாறிக்கொள்ளுங்கள்" என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா?

சரி, ஆட்டத்தைப் பற்றியும் பேசுவோம். நான் கண்ணை மூடிக்கொண்டு கத்துகிறவள் இல்லை. 2025-இல் மேயோ பல இடங்களில் நன்றாக ஆடவில்லை. லீக் ஃபைனலில் கெர்ரியிடம் போனது. எங்கள் மாகாணமான கானக்டின் ஃபைனலில் கால்வேயிடம் இரண்டு பாயிண்டில் போனது. கேவனிடம் சொந்த மைதானத்தில், காசில்பாரிலேயே தோற்றது. அதற்குச் சாக்குச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அதற்கு அப்புறம் பயிற்சியாளர் கெவின் மெக்ஸ்டேயும் உடல்நலக் காரணத்தால் ஒதுங்கினார், அது பிள்ளைகளைப் பாதிக்காமலா இருக்கும்? இருந்தாலும் அவர்கள் டைரோனின் சொந்த மைதானம் இருக்கும் ஓமாவுக்கே போய் டைரோனை ஜெயித்துவிட்டு வந்தார்கள். ஹைட் பார்க்கில் டோனிகாலோடு சமன் செய்தாலே அடுத்த சுற்று. கடைசி நேரத்தில் சமனும் செய்துவிட்டார்கள். ஆட்டம் முடிந்ததாக ஹூட்டர் அடிக்கிற கணத்தில் டோனிகாலின் கியரன் மூர் பந்தைக் கம்பத்துக்கு மேலே தூக்கி அடித்தார், ஆட்டம் கைவிட்டுப் போனது. பத்தொன்பதுக்குப் பதினெட்டு.

என் மகன் அழுதது அதற்குத்தான். வருடம் முழுக்கக் காத்திருந்தது அந்த ஒரு உதையில் முடிந்துவிட்டது என்று அழுதான். அதில் சாபம் எங்கே இருக்கிறது? கைதேர்ந்த ஒரு ஆட்டக்காரர் நல்ல பாயிண்ட் அடித்தார், அவ்வளவுதான்.

அதற்கு அப்புறம் மெக்ஸ்டேயையும் அவரோடு இருந்தவர்களையும் பொறுப்பிலிருந்து விடுவித்து வந்த அறிக்கையைப் பார்த்தேன். எண்பதுகளில் இதே ஜெர்சி போட்டு ஆடியவர், நோயிலிருந்து அப்போதுதான் தேறிக்கொண்டிருந்தவர். மாற்றம் தேவைதான் என்று சொன்னவர்களுக்கும் அந்த அறிக்கையின் நடை பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை. தோல்விக்கு ஒரு ஆளைப் பிடித்துக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். சாபம் என்று எழுதுவதும் அதே வேலைதான்.

"இவ்வளவு தோல்விக்கும் இப்படிப் பொறுமையாக இருப்பதால்தான் அணி உருப்படவில்லை" என்று ஒருவர் அறிவுரை எழுதியிருந்தார். காசில்பாரில் எங்கள் மைதானமான மக்ஹேல் பார்க்கில் ஒரு நாளாவது என் பக்கத்தில் நின்று பார்த்தால் யார் பொறுமையாக இருக்கிறார்கள் என்று தெரியும். "டிக்கெட், பெட்ரோல், எவ்வளவு செலவு" என்றும் ஒருவர் கேட்டிருந்தார். என் காசு, என் கணக்கு.

என்னைக் குத்தியது இதெல்லாம் இல்லை. "அவங்க ஊரு" என்ற அந்த இரண்டு சொற்கள்தான். அதை எழுதியவர் ஐரிஷ்காரர் இல்லை. நம்மவர். பொங்கலுக்கு என் கையால் சாப்பிட்டவர்.

யாருடைய ஊர்? என் மகன் பிறந்தது இந்தக் கவுண்டியில். அவனுக்குப் பந்தைக் கையில் பிடித்து ஓடவும் காலில் தட்டிப் பிடிக்கவும் சொல்லிக்கொடுத்தது இங்கே இருக்கிற கிளப். நான் இரவு டூட்டியில் இருக்கும்போது அவனைப் பயிற்சிக்குக் கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது பக்கத்து வீட்டு அம்மா. ஒரு நாள்கூட அவர் என்னை "உன் ஊர் எது" என்று கேட்டு நிறுத்தியதில்லை. கேட்டதெல்லாம் "சனிக்கிழமை ஆட்டத்துக்கு எங்கள் காரில் வருகிறீர்களா" என்பதுதான். தோற்ற ஆட்டத்துக்கு அப்புறமும் பிள்ளைகள் மைதானத்துக்குள் ஓடுவார்கள், வீரர்கள் நின்று கையெழுத்துப் போடுவார்கள். முகம் வாடிப்போயிருந்த ஒரு வீரர், என் மகன் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று அவனிடமே கேட்டு, எழுத்து எழுத்தாக எழுதிக் கொடுத்தார். அந்த ஜெர்சியைத்தான் அவன் ஹைட் பார்க்குக்குப் போட்டு வந்தான். அந்த ஜெர்சியில் நின்ற பிள்ளையைத்தான் நீங்கள் மீம் ஆக்கினீர்கள்.

பாலஹாடரீன் என்று ஓர் ஊர் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் எல்லையை மாற்றி அதை ரோஸ்காமன் கவுண்டியில் சேர்த்துவிட்டார்கள். அந்த ஊர் கிளப் இன்று வரை மேயோவுக்குத்தான் ஆடுகிறது. 2017-இல் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய ஆண்டி மோரன் அந்த ஊர்க்காரர். அரசாங்கக் காகிதத்தில் ரோஸ்காமன், களத்தில் மேயோ. அதே கிளப்பிலிருந்து வந்தவர் ஷைரோஸ் அக்ரம். பாகிஸ்தானில் பிறந்தவர். நான் மேலே சொன்ன 2016 அணியில் இருந்து ஆல் அயர்லாந்து பதக்கம் வாங்கியவர். அவரிடம் போய் "அவங்க ஊரு டீம்" என்று சொல்வீர்களா?

எவ்வளவு காலம் இங்கே வாழ்ந்தால் இது என் ஊர் ஆகும்? நம் ஊரில் நான் இல்லை, அங்கே போனால் வெளிநாட்டுக்காரி என்கிறார்கள். இங்கே நீங்கள் "அவங்க ஊரு" என்கிறீர்கள். அப்படியானால் நான் எங்கே நின்று கத்த வேண்டும்? வெறும் விளையாட்டு என்று எழுதியவர்களுக்கும் சொல்கிறேன்: வெறும் விளையாட்டு என்றால் அழுகிற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்க உங்களுக்கு ஏன் இவ்வளவு ஆசை? இரவெல்லாம் இந்த ஊர்ப் பெரியவர்களைத் திருப்பிப் படுக்க வைக்கிறேன், சாகும்போது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்போதெல்லாம் இது என் ஊர்தான். ஆட்டத்தில் தோற்றால் மட்டும் அவர்கள் ஊராகிவிடுமா?

மகன் படத்தை மீம் ஆக்கியவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அவனிடம் இன்னும் கேட்கவில்லை. ஜனவரிக் கடைசியில் லீக் தொடங்கும்போது நாங்கள் இரண்டு பேரும் மேயோவின் பச்சை சிவப்பில்தான் இருப்போம். டப்ளின் ஜெர்சி பற்றி இதன் கீழே யாராவது திரும்ப எழுதினால் பதில் சொல்ல மாட்டேன், நீக்கிவிடுவேன்.