ஃபண்டிங் நின்ற மறுமாதம் என்ன ஆகும்?

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலைப் படிப்பு) கடைசி ஆண்டில் இருக்கும் தம்பி தங்கைகள் ஒவ்வொரு மார்ச் மாதமும் இன்பாக்ஸில் வந்து கேட்பது இதுதான்: “அண்ணா, எந்த என்.ஜி.ஓ.வில் சேரலாம்? பெரியதா, சின்னதா? சர்ச் நடத்துவதா, கம்பெனி ஃபவுண்டேஷனா?” ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதிவிடுகிறேன். மதுரை, திண்டுக்கல் பக்கம் களப்பணியாளராக ஆரம்பித்து, கோஆர்டினேட்டராக இருந்து, இப்போது பல அமைப்புகளின் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஒரு அமைப்பு ஊருக்கு எவ்வளவு நல்லது செய்கிறது என்பது வேறு. தன்னிடம் வேலை பார்ப்பவரை எப்படி வைத்திருக்கிறது என்பது வேறு. முதலாவதற்கு விருது கொடுக்க ஆள் இருக்கிறது, இரண்டாவதை யாரும் கேட்பதில்லை. நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: ஃபண்டிங் நின்ற மறுமாதம் களப்பணியாளர் எங்கே இருக்கிறார்?

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தெருவுக்குத் தெரு வாடகை வீட்டில் அலுவலகம், வாசலில் ஜீப், புதுப் போர்டு. டிகிரி முடித்த உள்ளூர்ப் பிள்ளைகளை எல்லாம் வேலைக்கு எடுத்தார்கள். சில ஆண்டுகளில் பணம் வற்றியது, போர்டுகள் இறங்கின. கணக்கெடுப்பு, கவுன்சலிங், குழு நடத்துவது என்று எல்லாம் கற்றுக்கொண்ட அந்தப் பிள்ளைகளில் எனக்குத் தெரிந்தவர்கள் பலர் அப்புறம் இந்தத் துறைப் பக்கமே வரவில்லை. 2023இல் குழந்தைகளுக்கான உதவி எண் சைல்டுலைன் 1098 மாவட்ட நிர்வாகத்தின் கைக்குப் போனபோதும் இதே கதை. நடுராத்திரி போன் வந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிய பலருக்குப் புதிய ஏற்பாட்டில் இடம் கிடைக்கவில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது, அந்நாட்டு அரசின் உதவி அமைப்பான யு.எஸ்.எய்டு பணத்தில் ஓடிய திட்டங்களில் வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. வாஷிங்டனில் போட்ட கையெழுத்துக்கு இங்கே காசநோய்த் திட்டத்தில் இருக்கும் ஒருவரின் வீட்டு வாடகை நிற்கிறது. இந்த வேலையின் இயல்பே இதுதான். அதற்கு எந்த அமைப்பு எப்படித் தயாராக இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

சர்வதேச அமைப்புகளில் சம்பளம் நன்றாக இருக்கும். பி.எஃப்., மருத்துவக் காப்பீடு, எழுத்துபூர்வமான விதிமுறை எல்லாம் உண்டு. அலுவலகத்தை மூடும்போதுகூட முறையாக நோட்டீஸ் கொடுத்து, கணக்கு முடித்து அனுப்புவார்கள். ஆனால் மூடுவது நிச்சயம். கம்பெனி ஃபவுண்டேஷன்களில் ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடும், அதில் குறை சொல்ல முடியாது. கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, 2014 ஏப்ரல் முதல், குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கும் கம்பெனிகள் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதனால் லாபம் குறைந்தால் திட்டமும் குறையும். ‘தொடர் திட்டம்’ என்று எழுதினாலும், தொடங்கிய ஆண்டை விட்டுவிட்டு மூன்று ஆண்டுதான் கணக்கு. ஒரு கிராமத்தில் பழகி, பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு வரும்போது அடுத்த மாவட்டத்துக்குப் போகச் சொல்வார்கள்.

சர்ச் நடத்தும் மறைமாவட்டச் சமூக சேவைச் சங்கங்களைப் பற்றி வெளியில் அதிகம் பேச்சு இல்லை. சம்பளம் குறைவு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு ப்ராஜெக்ட் முடிந்தால் அடுத்ததில் போடுவார்கள், இல்லாவிட்டால் விடுதியிலோ பள்ளி அலுவலகத்திலோ ஒரு இடம் பார்த்துக் கொடுப்பார்கள். அங்கேயே தலை நரைத்த அனிமேட்டர் (ஊரில் குழுக்களை நடத்தும் களப்பணியாளர்) அக்காக்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரே சிக்கல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை டைரக்டர் ஃபாதர் மாறுவார். புது ஃபாதர் வந்தால் பழைய வாக்குறுதிகளுக்கு உயிர் இருக்குமா என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

நான் மதிப்பது சொந்த வருமானம் உள்ள அமைப்புகளை. மதுரையில் 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணம் கொடுக்கும் நோயாளிகளின் பணத்தில் இலவச சிகிச்சை நடக்கிறது. கிராமத்துப் பெண் பிள்ளைகளை எடுத்து, பயிற்சி கொடுத்து, வேலையும் கொடுக்கிறார்கள். அந்தப் பெண்ணின் சம்பளம் நிதி கொடுக்கும் எந்த டோனரின் கையெழுத்துக்கும் காத்திருப்பதில்லை. வேலை கடுமை என்று சொல்பவர்கள் உண்டு, இருக்கட்டும். அடுத்த ஆண்டு இந்த வேலை இருக்குமா என்ற பயம் இல்லாமல் வேலை பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று ப்ராஜெக்ட்டில் இருந்தவர்களைக் கேளுங்கள்.

மீதி இருப்பது நிறுவனர் நடத்தும் சின்ன டிரஸ்ட்கள். நம்மில் பெரும்பாலோர் ஆரம்பிப்பது அங்கேதான், வேலையைக் கற்றுக்கொள்வதும் அங்கேதான். மனு எழுதுவது, தாசில்தார் அலுவலகத்தில் காத்திருந்து காரியம் முடிப்பது, ஊர்க் கூட்டத்தில் வாய் திறக்காதவரைப் பேச வைப்பது, இதையெல்லாம் பெரிய அமைப்பு எதுவும் இவ்வளவு சீக்கிரம் சொல்லிக் கொடுக்காது. “நாம எல்லாரும் ஒரே குடும்பம்” என்ற பேச்சும் அங்கேதான் அதிகம். அந்தப் பேச்சை நம்பிச் சேருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஏனென்றால் நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் சம்பள நாள் இப்படித்தான் இருக்கும். கணக்காளர் வவுச்சரை நீட்டுவார். அதில் டோனரிடம் காட்டிய முழுத் தொகை எழுதியிருக்கும். ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் பாதி, தாளில் பாதி விழுகிற மாதிரி கையெழுத்துப் போட வேண்டும். கவரில் இருப்பது அதைவிடக் குறைவு. மிச்சத்துக்கு ஒரு நன்கொடை ரசீது தருவார்கள், நாமே மனமுவந்து அமைப்புக்குக் கொடுத்ததாக. பக்கத்தில் நின்ற அக்கா ஒருவர், மகள் ஃபீஸ் கட்டக் கடன் கேட்டு அலைந்துகொண்டிருந்தவர், அந்த ரசீதை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். யாரும் எதுவும் பேசவில்லை. கேட்டால் “சேவை மனப்பான்மை இல்லையா?” என்று பதில் வரும். கந்துவட்டிக்கு எதிராகக் குழு நடத்தும் பெண்ணையே கடன் வாங்க வைப்பது எந்தச் சேவை?

டோனர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. “என் பணம் முழுக்கப் பயனாளிக்கே போக வேண்டும்” என்று சொல்பவர், அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்குப் பசிக்காது என்று நினைக்கிறாரா? 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தார்கள். கணக்காளர், அலுவலக உதவியாளர், வாடகை எல்லாம் அந்த இருபதுக்குள் அடங்க வேண்டும். பெரிய அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தைச் சின்ன அமைப்புக்குப் பகிர்ந்து கொடுப்பதையும் அதே திருத்தம் தடுத்துவிட்டது. கிராமத்தில் இருந்த சின்ன டிரஸ்ட்களுக்கு விழுந்த பெரிய அடி அது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் இருக்கிற பணத்தை யாரிடமிருந்து முதலில் பிடிக்கிறோம் என்று முடிவு செய்வது அமைப்புதானே?

சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இருபது பேர் வேலை பார்த்தால் பி.எஃப். கட்ட வேண்டும், டிரஸ்ட் என்பதால் விலக்கு கிடையாது. ஒரே கட்டடத்தில் மூன்று டிரஸ்ட் பெயரில் ஊழியர்களைப் பிரித்து வைத்திருந்தால் ஏன் என்று யோசியுங்கள். பத்துப் பேர் இருந்தாலே 2013 சட்டப்படி பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கு உள் குழு வேண்டும். மற்ற கம்பெனிகளின் குழுக்களில் வெளி உறுப்பினராகப் போய் உட்காரும் அமைப்புகளில்கூடத் தங்கள் அலுவலகத்தில் குழு இல்லாததைப் பார்த்திருக்கிறேன். இரவு ஏழு மணிக்குக் குழுக் கூட்டம் முடித்து ஸ்கூட்டியில் தனியாகத் திரும்பும் பெண்கள் இருக்கும் துறை இது. இந்த அலட்சியத்தை நான் மன்னிக்க மாட்டேன்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. நமக்கு ஒரு நல்லது, ஒரு கெட்டது. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவர் பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) இனி ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை, ஓராண்டு வேலை பார்த்தாலே உண்டு. ப்ராஜெக்ட் ஊழியர்களுக்கு இதைவிடப் பொருத்தமான மாற்றம் இல்லை. அதனால்தான் ஓராண்டுக்கு ஒரு மாதம் குறைத்துப் பதினோரு மாத ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்தால் உஷாராக இருங்கள் என்கிறேன். கெட்டது என்னவென்றால், 1978இல் பெங்களூரு குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, தொழில் தகராறுச் சட்டத்தில் வரும் ‘தொழில்’ என்பதை அகலமாக விளக்கியது. அதற்குள் தொண்டு நிறுவனங்களும் வந்தன. புதிய தொழில் உறவுகள் தொகுப்போ, முழுக்கவோ பெரும்பகுதியோ தொண்டுப் பணி செய்யும் அமைப்புகளின் நிறுவனங்களை அந்த வரையறையிலிருந்து விலக்கிவிட்டது. திடீரென்று வேலையை விட்டு அனுப்பினால் போய் நிற்க இருந்த தொழிலாளர் நீதிமன்றம் என்ற ஒரு வாசல் சுருங்கிவிட்டது. தொழிலாளர் உரிமை பற்றிப் பயிற்சி நடத்தும் அமைப்புகள்கூட இதைப் பற்றி வாய் திறக்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆக, தம்பி தங்கைகளே, சம்பளம் எவ்வளவு என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். நியமனக் கடிதம் கையில் வாங்காமல் ஃபீல்டுக்குப் போகாதீர்கள். பி.எஃப். இணையதளத்தில் அமைப்பின் பெயரைப் போட்டுத் தேடினால், எத்தனை பேருக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கலாம். இன்டர்வியூ முடிந்ததும் கிளம்பிவிடாமல், டிரைவர் அண்ணனிடமோ கணக்காளரிடமோ ஒரு டீ சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள்: போன ப்ராஜெக்ட்டில் இருந்தவர்கள் இப்போது எங்கே?

நல்லபடியாக நடத்தும் அமைப்பு உங்கள் மாவட்டத்தில் இருந்தால் கமெண்டில் பெயரோடு எழுதுங்கள். ஏப்ரலில் வேலை தேடப் போகிறவர்களுக்கு உதவும்.