தாமிரபரணி செஸ்

ஒன்பதாம் வகுப்பு படிக்கிற அக்கா மகனிடம் வரிசையாகப் பதினோரு ஆட்டம் தோற்றவன் என்ன செய்வான்? விதியை மாற்றுவான். நானும் மாற்றினேன். வீட்டில் இதை அழுகுணி ஆட்டம் என்கிறார்கள், அதற்காகத்தான் இந்தப் பதிவு.

பையன் யூடியூப் பார்த்து முதல் பத்துப் பன்னிரண்டு நகர்த்தலை மனப்பாடமாக வைத்திருக்கிறான். நான் தாடையைத் தடவி யோசிப்பதற்குள் அவன் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல ஆடி முடித்துவிடுகிறான். பாபி ஃபிஷருக்கும் இதே கடுப்புதான். 1996இல் புவனஸ் அயர்ஸில் பின்வரிசைக் காய்களைக் குலுக்கி அடுக்கும் ஆட்டத்தை அறிவித்தார், மொத்தம் 960 விதமாக அடுக்கலாம், எதை மனப்பாடம் செய்வாய், செய் பார்ப்போம் என்று. அவர் உலக சாம்பியனாக இருந்தவர், நான் அக்கா மகனிடம் தோற்றவன், மற்றபடி நோக்கம் ஒன்றுதான். இன்னொன்று, இப்போது பலகை முழுக்கப் பறக்கிற ராணி ஒரு காலத்தில் குறுக்காக ஒரே ஒரு கட்டம் நகர்ந்த மந்திரி. 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் யாரோ இறக்கை கட்டிவிட்டார்கள். அவர்களையும் அழுகுணி என்பீர்களா?

சரி, ஆட்டத்துக்கு வருவோம். பலகையின் நட்டநடுவே தாமிரபரணி ஓடுகிறது. வெள்ளை பாளையங்கோட்டை, கறுப்பு எதிர்க்கரையில் திருநெல்வேலி டவுன். சீனச் சதுரங்கத்திலும் நடுவே ஆறு உண்டு, அங்கே யானை அதைத் தாண்டக் கூடாது. என் ஆட்டத்தில் குதிரை தவிர எல்லாக் காயும் சுலோச்சன முதலியார் பாலம் வழியாகத்தான் போக வேண்டும். பாலம் என்பது நடுவில் உள்ள இரண்டு நெடுவரிசை, டி, இ. முதலியார் சொந்தக் காசில் கட்டி 1843இல் திறந்த பாலம், அதற்கு மேல் அகலப்படுத்த எனக்கு அதிகாரம் இல்லை.

ஓரத்துச் சிப்பாய்கள் அக்கரை போக முடியாது, பின்னே எதற்கு அவர்கள்? தேர் இழுக்க. மூலைக் காயை நாம் யானை என்கிறோம், ஆனால் பழைய சதுரங்கத்தில் மூலையில் நின்றது தேர்தான். அதனால் என் பலகையில் அது நெல்லையப்பர் தேர். எத்தனை சிப்பாய் உயிரோடு இருக்கிறார்களோ அத்தனை கட்டம்தான் நகரும், வடம் பிடிக்க ஆள் வேண்டாமா? நேராகப் போன தேர் பக்கவாட்டில் திரும்ப வேண்டுமென்றால் ஒரு முறை சும்மா நிற்க வேண்டும். ஆனித் தேரோட்டத்தில் வாகையடி முக்கில் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாதாரண செஸ்ஸில் கடைசியில்தான் யானைக்கு பலம் கூடும், இங்கே தலைகீழ். ஆள் குறையக் குறைய தேர் தளர்ந்து, எல்லாச் சிப்பாயும் போனபின் நின்ற இடமே நிலை.

திருநெல்வேலி என்றதும் அல்வா விதி உண்டா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். கிடையாது. ராஜா தும்மினால் ஆட்டம் போச்சு என்கிற மாதிரி விதிகளுக்கு ஒரு தடவைதான் சிரிப்பு வரும், இரண்டாவது ஆட்டத்துக்கு ஆள் வராது. வேடிக்கை விதி என்றாலும் அது ஆடுகிறவனின் கணக்கைக் குழப்ப வேண்டும், பழைய புத்தி உதவாமல் போக வேண்டும். இதுதான் என் கட்சி.

அதற்குச் சாட்சி நானே. முதல் ஆட்டத்தில் குதிரை இரண்டையும் கொடுத்து அவனுடைய மந்திரிகளை (இப்போதைய பிஷப்) வாங்கினேன், ஏதோ லாபம் என்ற நினைப்பு. அப்புறம் பழக்க தோஷத்தில் பிரெஞ்சு டிஃபன்ஸ் என்கிற தொடக்க அமைப்பு. அவன் சிப்பாய் டி4இலும் இ5இலும், என் சிப்பாய் டி5இலும் இ6இலும் முட்டிக்கொண்டு நிற்க, பாலம் மொத்தமும் அடைத்துவிட்டது. வழக்கமாக இதற்கு மருந்து சி வரிசைச் சிப்பாயை சி5க்குத் தள்ளி டி4ஐ அடிப்பது. என் விதிப்படி அந்தச் சிப்பாய் ஆற்றில் இறங்க முடியாது. எஃப் பக்கமாக உடைக்கலாம் என்று எனக்கு உறைப்பதற்குள் அவனுடைய இரண்டு குதிரையும் நீந்தி வந்து என் ராஜா வாசலில் நின்றன.

"கொஞ்சம் பொறுலே, பாலத்துல நெரிசல்னா ஒரு ஆட்டத்துக்கு ஒரு தடவை படகு விடலாம்னு ஒரு விதி இருக்கு, சொல்ல மறந்துட்டேன்" என்றேன்.

"படகெல்லாம் அடுத்த ஆட்டத்துல விடுங்க மாமா. இப்ப ராஜாவ எங்க வைக்கப் போறிய?"