பணயம் பெரிதாக வேண்டாம், கிட்டே வரட்டும்

கதையில் வில்லன் பயங்கரமானவன் என்று காட்ட, அவன் தன் அடியாளையே சுட்டுத்தள்ளுவதாக எழுதுகிறார்கள். தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். சொன்னதைச் செய்கிறவனையே கொல்பவனிடம் எவன் வேலைக்கு நிற்பான்? வாசகருக்குப் பயம் வராது, வில்லனின் புத்தி மேல் சந்தேகம்தான் வரும்.

ஹீரோ யோசித்துப் போட்ட ஒரு திட்டம். வாசகரும் "இது பலிக்கும்" என்று நம்பிவிட்டார். அதை வில்லன் முன்னாலேயே ஊகித்து அடைத்துவைத்திருக்கிறான். பயம் பிறப்பது இங்கேதான். கதையின் முதல் கால்பகுதிக்குள் ஒருமுறையாவது இது நடந்தாக வேண்டும். அதில் ஹீரோ இழந்தது திரும்பி வரவே கூடாது. செத்தவர் பிழைத்து வந்தார், எரிந்த பத்திரத்துக்கு நகல் கிடைத்தது என்று ஒரே ஒரு சலுகை கொடுத்தாலும், அப்புறம் வில்லன் எப்படி மிரட்டினாலும் வாசகர் அசர மாட்டார். மயிரிழையில் தப்புவதும் அப்படித்தான். முதல் தடவை நெஞ்சு பதறும். மூன்றாம் தடவை, இந்த வில்லனுக்குக் குறிபார்க்கவே தெரியாது என்றாகிவிடும்.

வசனம் நீள நீள வில்லன் சிறுத்துப்போவான். "உன் குடும்பத்தையே அழிச்சிடுவேன்" என்று கத்துவதை வெட்டிவிட்டு இப்படி எழுதிப் பாருங்கள். ஹீரோ வீட்டுக்குள் நுழைகிறான். நாற்காலியில் வில்லன், மடியில் குழந்தையின் ஸ்கூல் பை. "ஜிப் பிஞ்சிருக்கு சார். புத்தகமெல்லாம் வழியில விழுது, வேற பை வாங்கிக் கொடுங்க." எழுந்து போய்விடுகிறான். குழந்தையைப் பின்தொடர்ந்து வந்தான் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஆனால் இது எடுபட வேண்டுமானால், அந்த ஜிப்போடு குழந்தை மல்லுக்கட்டுவதை வாசகர் அதற்கு முன் இரண்டு சாதாரணக் காட்சிகளிலாவது பார்த்திருக்க வேண்டும். ஆபத்து வருகிற அத்தியாயத்திலேயே அறிமுகமாகிற எதற்காகவும் யாரும் பதற மாட்டார்கள்.

பணயத்தை, அதாவது ஹீரோ தோற்றால் இழக்கப்போவதை, ஏற்றுவது என்றதும் உலகத்தையே அழிக்கக் கிளம்பிவிடுகிறோம். உலகம் அழியாது என்று வாசகருக்கு நன்றாகவே தெரியும். தம்பியின் நம்பிக்கை போய்விடும் என்றால் அது நிஜமாகவே போகலாம். மகாபாரதச் சூதாட்டத்தில் செல்வமும் நாடும் முதலிலேயே போய்விடுகின்றன. பிறகு நகுலன், சகாதேவன், அர்ஜுனன், பீமன், தருமனே, கடைசியில் திரௌபதி. நாட்டோடு அளந்தால் ஒரு ஆள் எம்மாத்திரம்? ஆனாலும் ஒவ்வொரு உருட்டலுக்கும் நமக்கு வயிறு கலங்குகிறது. இத்தனைக்கும் சகுனி அங்கே ஆயுதத்தைத் தொடவே இல்லை.

பெரும்பாலான கதைகள் சரிவது கிளைமாக்ஸில். ஹீரோ ஜெயிக்க வேண்டுமே என்பதற்காக, அதுவரை கெட்டிக்காரனாக இருந்த வில்லன் திடீரென்று மக்காகிவிடுகிறான். எழுத உட்காரும் முன் முழுக் கதையையும் அவன் பக்கமிருந்து ஒரே ஒரு தாளில் எழுதிவையுங்கள். எந்த அத்தியாயத்தில் அவனுக்கு என்ன தெரியும், யாரைப் பற்றித் தப்புக்கணக்குப் போட்டிருக்கிறான் என்பது அதில் இருக்கட்டும். அந்தத் தப்புக்கணக்கு கதையின் முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே வாசகர் கண்ணில் லேசாகப் பட்டுவிட வேண்டும். அவன் விழுவது அதில் கால் இடறித்தான்.