என் நாய்க்கு மொட்டை அடிக்கச் சொல்லாதீர்கள்

இன்று காலையும் ஆரம்பித்துவிட்டார்கள். பப்புவை வெளியே கூட்டிக்கொண்டு போனால் எதிர் வீட்டு மாமா வந்து, "ஏம்மா, இந்த வெயில்ல இவ்வளவு முடியோட கஷ்டப்படுறானே, மொட்டை அடிச்சு விடக் கூடாதா?" என்கிறார். பால்காரர் கேட்டாகிவிட்டது, அத்தை கேட்டாகிவிட்டது, லிஃப்டில் முகம் தெரியாதவர்கள்கூடக் கேட்கிறார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

மொட்டை அடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். போன வருடம் ஏப்ரலில், பாதத்து முடியை மட்டும் வெட்டுங்கள், நகத்தைச் சரி பண்ணுங்கள் என்று சொல்லித்தான் ஒரு கடையில் விட்டுவிட்டு வந்தேன். இரண்டு மணி நேரம் கழித்துப் போனால் மெஷின் போட்டு ஒட்ட வழித்து வைத்திருக்கிறார்கள், தோல் ரோஸ் கலரில் தெரிகிறது. "நிறைய சிக்கு மேடம், வெயிலுக்கும் நல்லதுதான்." ஒரு போன் பண்ணிக் கேட்க உங்களுக்கு என்ன கேடு? இரண்டு நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தான். மாடி வெயிலில் கொஞ்ச நேரம் படுத்ததற்கே முதுகு சிவந்துவிட்டது. பிறகு முளைத்ததும் பழைய முடி இல்லை, பஞ்சு மாதிரி ஏதோ வந்தது. பின்தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு இன்னமும் சொட்டை. பப்பு ஸ்பிட்ஸ். ஸ்பிட்ஸ், பொமரேனியன், ஹஸ்கி மாதிரி நாய்களுக்கு ஒட்ட வழித்தால் இப்படி ஆவதுண்டு, திரும்ப வளர ஒரு வருடத்துக்கு மேலேயும் ஆகலாம், சில நாய்களுக்கு முழுசாக வராமலே போகும் என்று டாக்டர் சொன்னார்.

இவனுக்கு இரண்டு அடுக்கு முடி. உள்ளே மெத்தென்று ஒன்று, மேலே நீளமாகக் கொஞ்சம் முரடாக ஒன்று. அந்த மேல்முடிதான் வெயில் தோலில் படாமல் காக்கிறது. நமக்கு வியர்ப்பது மாதிரி நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில்தான் கொஞ்சம் வியர்க்கும், சூட்டைத் தணிக்க அது பெரும்பாலும் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்தாக வேண்டும். அவனுக்குப் புழுக்கம் தருவது உதிர்ந்தும் வெளியே வராமல் உள்ளேயே அடைந்துகிடக்கிற உள்முடி. அதைச் சீவி எடுத்தால் போதும், தோலுக்குக் காற்று போகும்.

சரி, கடைக்காரர் சிக்கு இருந்தது என்றது பொய்யில்லை. அந்தச் சிக்கு எங்கள் வீட்டுக் குளியலறையில் உண்டானது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தம்பிக்கு நாய்ப் பாசம் பொங்கிவிடும். சீப்பையே தொடாமல் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, தன் தலைக்குப் போடுகிற ஷாம்பூவையே போட்டு (நாய்த் தோல் வேறு, அதற்கு அது ஒத்துக்கொள்ளாது என்று எத்தனை தடவை சொல்வது!), துண்டால் பரபரவென்று தேய்த்து, அரை ஈரத்தோடு விட்டுவிடுவான். முடிச்சு விழுந்த முடி நனைந்து காய்ந்தால் கம்பளித் துண்டு மாதிரி இறுகிவிடும். வெள்ளிக்கிழமை காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் இருந்தது திங்கட்கிழமை நெல்லிக்காய் அளவுக்கு ஆகியிருக்கும். அடியில் ஈரம் காயாமல் நாற்றம் வரும், அவன் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொள்வான்.

அப்புறம் அதை எடுப்பது யார்? நான்தான். நேற்று ராத்திரி முன்கால் இடுக்கில் ஒன்று. கொஞ்சம் சோள மாவைத் தூவி, முடியின் வேரை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தோல் இழுபடாமல், சீப்பின் ஓரப் பல்லால் நாலு நாலு முடியாகப் பிரிக்க வேண்டும். நாற்பது நிமிஷம். வலித்தபோதெல்லாம் அவன் கடிக்கவில்லை, திரும்பி என் மணிக்கட்டை நக்கினான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இதற்கு நடுவில் அப்பா கத்தரிக்கோலோடு வருகிறார். சிக்கோடு சேர்ந்து தோலும் மேலே எழும்பி நிற்கும் அப்பா, வெட்டினால் தோலைத்தான் வெட்டுவீர்கள்.

தினமும் பத்து நிமிஷம் போதும். மேலாக நாலு இழுப்பு இழுத்துவிட்டுச் சீவியாகிவிட்டது என்று சொல்லக் கூடாது, வகிடு எடுத்து எடுத்து, தோல் தெரிகிற அளவுக்குப் பிரித்து, வேரிலிருந்து நுனிவரை சீவ வேண்டும். காதுக்குப் பின்னால், கால் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில், பின்தொடை. குளிப்பாட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை, நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு தடவை.

தம்பி, இந்த ஞாயிற்றுக்கிழமை வாளியைத் தொடாதே. சீப்பு ஃபிரிட்ஜ் மேலே இருக்கிறது. முதலில் இடது காதுக்குப் பின்னால் பார், அங்கே இன்னொன்று ஆரம்பித்திருக்கிறது.